பனிச்சறுக்குக்கு ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டில் பனிச்சறுக்குக்குப் போகும் திட்டம் ஒரு கோபத்தில் தொடங்கியது. கோபம் மகளுடையது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடி வீடொன்றில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

அந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போகிறார்கள், பெற்றோர் கையெழுத்து வைத்து அனுப்பவேண்டும். வழக்கமாகப் பள்ளிக்கூடக் கடுதாசி வந்தால் என் கணவர் மகளிடம் "என்ன பிள்ளை இது?" என்று கேட்பார். அவள் ஏதோ சொல்வாள், இவர் கையெழுத்து வைப்பார். கனடாவில் வந்து இறங்கிய நாளிலிருந்து இவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்த கடுதாசிகளை அடுக்கினால் எங்கள் வீட்டுக் கூரையைத் தொடும். இந்த முறை மட்டும் என்ன நினைத்தாரோ, அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் இருந்து வாசித்தார். கடைசிப் பந்தியில் நின்றுவிட்டார். பிள்ளைக்குக் காயமோ உயிராபத்தோ நேர்ந்தால் யாரையும் குற்றம் சொல்லமாட்டோம், எவரிடமும் எதுவும் கேட்கமாட்டோம் என்று அதில் இருந்தது.

"உதிலை நான் சைன் வைக்கமாட்டன்" என்றார்.

"இஞ்சருங்கோ, உது சும்மா எல்லாருக்கும் குடுக்கிறது."

"எல்லாரும் வைக்கட்டும். நான் வைக்கேல்லை."

ஒரு பகல் முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், பகிடி பண்ணிப் பார்த்தேன். "வீட்டு லீஸிலை என்ன இருக்கெண்டு இண்டைக்கும் உங்களுக்குத் தெரியாது, இதுக்கு மட்டும் சட்டம் பேசி அப்புக்காத்து வேலை பாக்கிறியள்" என்றேன். மனிதர் அசையவில்லை. நான் வைக்கலாம்தான். ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் அவர் வேண்டாம் என்ற பிறகு நான் வைத்தால் அது இன்னொரு சண்டை.

மகள் அழவில்லை. அதற்குப் பதிலாகத் தமிழை நிறுத்திவிட்டாள். சோறு போடவா என்று கேட்டால் "நோ, தாங்க்ஸ்". அப்பா வேலையால் வந்தால் "ஹாய்". எங்கள் வீட்டில் வேலைநிறுத்தம் என்பது இதுதான். வகுப்பு முழுவதும் பஸ் ஏறிப் போன நாளில் இவள் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து படத்துக்கு நிறம் தீட்டினாளாம். அதையும் இங்கிலிசில்தான் சொன்னாள். நாலாம் நாள் மனிதர் தாங்கமாட்டாமல் வாய் திறந்தார்.

"நானே கூட்டிக்கொண்டு போறன்."

"எங்கை?" என்றாள் மகள். வேலைநிறுத்தம் அத்தோடு முடிந்தது.

பிறகு தொடங்கியது திட்டம். மளிகைக் கடையில் இனாமாகக் கொடுத்த கலண்டரில் பழைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினார். எத்தனை மணிக்கு எழும்புவது, எந்தப் பாதை, எங்கே பெற்றோல் அடிப்பது, எங்கே சிறுநீர் கழிப்பது. நாள் பெப்ரவரியில் ஒரு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பின்னேரம் நாலரைக்குத்தான் வருகிறது, அதற்குமுன் பிள்ளையைக் காருக்குள் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். அதற்கு முதல் சனிக்கிழமை "பாதை எப்பிடியிருக்கெண்டு பாத்திட்டு வாறன்" என்று தனியே காரை எடுத்துக்கொண்டு வடக்கே பாதித்தூரம் போய், ஒரு கோப்பி குடித்து, ஆறு டோனட்டோடு திரும்பி வந்தார்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து பயிற்சி. நூலகத்திலிருந்து பனிச்சறுக்குப் பற்றிய ஒரு படப் புத்தகம் எடுத்து வந்தார். இவர் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்பவர், வாழ்நாளில் ஒரு மேட்டிலிருந்தும் சறுக்கியதில்லை. ஆனாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கார்ப்பெட்டில் நின்று, முழங்காலை மடக்கி, பின்பக்கத்தை வெளியே தள்ளி, பாதங்களை ஆப்பு மாதிரி உள்ளே திருப்பிக் காட்டுவார். "இதுதான் நிப்பாட்டுறது. விளங்குதோ? குதிக்காலை வெளியிலை தள்ளவேணும்." மகள் காலில் இரண்டு சோடி காலுறையோடு, கையில் தும்புத்தடியும் மொப் தடியும் பிடித்துக்கொண்டு குசினித் தரையில் சறுக்குவாள். கீழ் வீட்டுக்காரர் கூரையில் தட்டுவார். இவர் குரலைத் தணித்து, அதே நிலையில் நின்றபடி, பாடத்தைத் தொடர்வார். எனக்குச் சிரித்து வயிறு நோகும்.

உடுப்பு விஷயத்தில் நான் குறைவைத்தேன் என்று யாரும் சொல்லமுடியாது. மகளுக்கு உள்ளே இரண்டு, வெளியே இரண்டு, மேலே ஒன்பதாம் மாடி அன்ரி தந்த நீல ஜக்கெற். எல்லாம் போட்டுப் பார்த்தபோது பிள்ளையால் கையை மடக்க முடியவில்லை. சனி இரவு மீன் கட்லட் நாற்பது பொரித்தேன். மூன்று பேருக்கு நாற்பதா என்று கேட்கவேண்டாம். எங்கள் ஆட்கள் தூரப் பயணம் போகிற வழக்கம் அதுதான்.

ஞாயிறு காலை வெளிக்கிட்டோம். வழியெல்லாம் வெயில், இரண்டு பக்கமும் வெள்ளை வயல். இவர் ஒரு கட்லட்டும் தொடவில்லை. "ஓடேக்கை சாப்பிடக்கூடாது" என்றார். ஒரு கையால் கார் ஓட்டிக்கொண்டு மறுகையால் றோல்ஸ் தின்னும் மனிதர் சொல்கிற கதை இது.

மலை என்று சொன்னார்கள். எங்கள் கண்ணுக்கு ஒரு பெரிய மேடு. ஆனாலும் கம்பியில் தொங்கும் கதிரைகளில் சனம் போவதைப் பார்த்ததும் மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சப்பாத்தும் சறுக்குப் பலகையும் வாடகைக்குக் கொடுக்கும் கட்டடத்துக்குள் போனோம். நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் பின்னல் போட்ட ஒரு பெண் சுவிங்கம் மென்றுகொண்டிருந்தாள். மகளின் காலை அளந்து கனத்த சப்பாத்து ஒன்றைப் போட்டுவிட்டாள், பிணையாக இவருடைய லைசென்ஸை வாங்கினாள். பிறகு ஒரு கடுதாசியை முன்னால் வைத்துப் பேனாவை நீட்டினாள்.

பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அதே பந்தி. மூன்று கிழமைத் திட்டத்தில், சிறுநீர் கழிக்கும் இடம் வரை எழுதிய தாளில், இது இல்லை.

இவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"இஞ்சருங்கோ, சனம் பாக்குது. உயிருக்கு விலை பேசுற மாதிரி நிக்கிறியள்."

அவர் என்னைப் பார்க்காமல், கடுதாசியைப் பார்த்தபடி சொன்னார். "தம்பியை எடுக்கப் போகேக்கையும் இப்பிடித்தான் ஒரு கடுதாசி. ஆரிலையும் குறை சொல்லமாட்டன், ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு. சைன் வைச்சாத்தான் பிரேதத்தைத் தருவம் எண்டவங்கள். வைச்சனான். அதிலை எனக்கொரு கொப்பி கூடத் தரேல்லை."

அவருடைய தம்பி எங்கள் கல்யாணத்துக்கு முதல் வருடம் இறந்துபோனவர். ஊரில் ஆமிக்காரர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், உயிரோடு வரவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கையெழுத்துக் கதையை இத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் அப்புக்காத்து என்று பகிடி பண்ணியதெல்லாம் நினைவுக்கு வந்து, எனக்கு அந்த இடத்தில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

மகளுக்கும் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கனத்த சப்பாத்தோடு ஒரு அடி வைத்து அப்பாவின் பக்கத்தில் வந்தாள்.

"பரவாயில்லை அப்பா. நான் ஸ்கீ பண்ணேல்லை. கட்லட் சாப்பிட்டிட்டு வீட்டை போவம்."

இங்கிலிசில் கோபித்திருந்தால் மனிதர் இன்னொரு மூன்று நாள் தாக்குப்பிடித்திருப்பார். தமிழில், அதுவும் இவ்வளவு மெதுவாகச் சொன்னதை அவரால் தாங்கமுடியவில்லை. பேனாவை எடுத்தார். தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்து, பக்கத்தில் நேரத்தையும் போட்டார். பத்து ஐம்பது.

சிவப்பு ஜக்கெற் போட்ட ஒரு பெடியன், சாரத்தில் மூன்று கிழமை நடந்த பாடத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்தான். மகள் விழுந்தாள், எழும்பினாள், பிறகும் விழுந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு விழாமல் வரத் தொடங்கினாள். இவர் மேட்டின் அடியில் ஒரே இடத்தில் நின்றார். உள்ளே வந்து சூடாக இருங்கள் என்று இரண்டு தரம் போய்க் கூப்பிட்டேன். "நீர் போய் இரும்" என்றார். நீல ஜக்கெற் கீழே வந்து சேரும்போதெல்லாம் தலையை ஒருமுறை ஆட்டுவார், பிறகு மேலே பார்ப்பார். மீசையில் பனி. கட்லட் பெட்டி திறந்தபடியே என் மடியில் இருந்தது.

நாலு மணி கழிந்து சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பின்னல் போட்ட பெண் ஒவ்வொன்றாக வாங்கி, சாமான்களை எழுதிய வாடகைத் துண்டுச்சீட்டில் சரி போட்டு, லைசென்ஸைத் திருப்பித் தந்தாள். இவர் நகரவில்லை.

"பிள்ளை, நான் சைன் வைச்ச கடுதாசியைத் திருப்பித் தரச் சொல்லு."

"அப்பா, ப்ளீஸ். அப்பிடிக் கேக்கேலாது. தே கீப் இற்."

"அவையின்ரை சாமானை நாங்கள் திருப்பிக் குடுத்திட்டம்தானே. நீயும் வந்திட்டாய். இனி அவைக்கு அந்தக் கடுதாசி என்னத்துக்கு?"

மகள் காது வரை சிவந்துபோய், நிலத்தைப் பார்த்துக்கொண்டு அதை இங்கிலிசில் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கத் தொடங்கினாள், இவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அந்தக் கடுதாசியைத் தரமுடியாது, ஒவ்வீஸில் வைத்திருக்கவேண்டும் என்றாள். இவர் தலையை ஆட்டினார், ஆனால் போகவில்லை. அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாடகைத் துண்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் சப்பாத்து ஒரு சோடி, பலகை ஒரு சோடி, தடி இரண்டு என்று இருந்தது. அதற்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி எழுதினாள்: மகள், ஒன்று. அதற்கும் ஒரு சரி போட்டாள்.

"நேரமும் போடச் சொல்லு" என்றார் இவர்.

நாலு இருபது என்று போட்டு, தன் பெயரின் முதலெழுத்தையும் வைத்து, அடியிலிருந்த மஞ்சள் காபன் கொப்பியைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். நான்காக மடித்து சேட் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

காருக்குள் ஏறியதும் மகள் பின் சீற்றில் சாய்ந்து நித்திரையானாள். இவர் கார்த் திறப்பைத் துளையில் போட்டார், ஆனால் திருப்பவில்லை. ராகு காலம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது.

"எங்கை அந்தக் கட்லட்?" என்றார்.

ஆறு சாப்பிட்டார். ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினார்.