எக்காளம் கேட்ட காலை

எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பழைய டைரி இருந்தது. எங்கே நிலம் நடுங்கினாலும், எங்கே சண்டை மூண்டாலும், செய்தித்தாளை வெட்டி அதில் ஒட்டிவிடுவார். எல்லாம் பைபிளில் சொன்ன கடைசிக் காலத்தின் அடையாளங்களாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளை உட்காரவைத்துப் புரட்டிக் காட்டுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. நிலநடுக்கத்துக்கெல்லாம் நான் அசரவில்லை. ஆனால் ஒருநாள், கடைசியில் மனிதர்களுக்குள் அன்பு தணிந்துபோகும் என்றார். இரண்டு பெண்கள் மாவரைத்துக்கொண்டிருக்கும்போது எக்காளம் ஊதும், ஒருத்தி மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்றார். அங்கேதான் பயந்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த அடையாளம் எங்கள் வீட்டிலேயே நிறைவேறியிருந்தது. அம்மாவும் பெரியம்மாவும் ஒரு சொல்தாவின் மகள்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். குருசுக்குப்பத்தில் அடுத்தடுத்த தெருவில் குடியிருந்தார்கள். பெரியம்மா வீட்டு கிரைண்டரில்தான் இரண்டு வீட்டுக்கும் மாவு. நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளில், என் புதுநன்மை விருந்தில், பிரியாணியில் உப்பில்லை என்று பெரியம்மா நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அதோடு சரி. ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. பூசையில் ஒருவரையொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரத்தில் அம்மா பெரியம்மாவை விட்டுத் தூணைப் பார்த்துக் கும்பிடுவாள். வீட்டில் கடைமாவு இட்லி. இரண்டு பேரில் விடப்படப்போவது யார் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை மாதம் ஒரு காலை, அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கடற்கரைப் பக்கமிருந்து எக்காளம் கேட்டது. நீளமாக, தெளிவாக. சீப்பு தலையிலேயே இருக்க, அலறினேன்.

“எம்மா, எக்காளம் ஊதிட்டாங்க! வா, பெரிம்மா கிட்ட போய் பேசிடு! இல்லன்னா ஒருத்தர உட்டுட்டுப் போயிடுவாங்க!”

அம்மா காது கொடுத்துக் கேட்டாள். சீப்பை என் தலையிலிருந்து எடுத்தாள். பிறகு, “இருடி, பொடவ மாத்திக்கினு வரேன்” என்றாள்.

உலகம் முடியும் நேரத்தில் புடவையா! நான் குதித்தேன். அவளோ பீரோவின் அடியில் தேடி, பெரியம்மா எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். பாதி வாரிய தலையோடு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரியம்மா கதவைத் திறந்தாள். முதலில் புடவையைத்தான் பார்த்தாள்.

“உலகம் முடியப்போவுதாம். உம் பொண்ணு சொல்றா” என்றாள் அம்மா.

எக்காளம் மறுபடி ஒலித்தது. பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். “ஆமா, ஊதறாங்க. உள்ள வா, உளுந்து ஊறிக்கினு கெடக்குது” என்றாள். சொல்லிக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்புறம் என் தலையைப் பார்த்துச் சிரித்தார்கள். கிரைண்டர் ஓடியது. ஒருத்தி மாவைத் தள்ளிவிட, ஒருத்தி தண்ணீர் தெளித்தாள். எடுப்பதென்றால் மூன்று பேரையும் சேர்த்தே எடுக்கட்டும் என்று, இருவர் முந்தானையையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நான் நடுவில் நின்றேன். யாரும் வந்து யாரையும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “ரெண்டு பேரும் அரைச்சாங்க. ரெண்டு பேரும் இருக்காங்க!” அவர் டைரியை முன்னும் பின்னும் புரட்டினார். இதை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது. உலகத்தையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் நான் ஒரு மாதம் நடந்தேன்.

அன்று ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள் என்பதும், கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் அன்று காலை ஊதுவார்கள் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. மெடல் குத்திய தங்கள் அப்பாவின் கையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வருஷம் தவறாமல் அந்த ஊதலைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.