நல்ல கிருமி சாப்பிட்ட குடும்பம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சினன் பாண்டி வீட்டுக்கு வந்தான். தட்டில் வைத்த இட்லியை அரை மணி நேரம் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். என் மனைவி அவித்த இட்லியை நானும் அப்படிப் பார்த்ததுண்டு. ஆனால் அவன் காரணம் வேறு.

வேலை போய்விட்டது.

போக வைத்தது யார்? எதிரியா? மேனேஜரா? இல்லை... நாங்கள்தான். சொந்தக்காரர்கள்.

பாண்டி எழுமலைப் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. பி.எஸ்சி. முடித்து, டை கட்டி, மெடிக்கல் ரெப் ஆனான். முதல் ஆறு மாதத்தில் விற்றுக் காட்டினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் கல்யாணம். உசிலம்பட்டியில் பெண் பேசியாகிவிட்டது. பெண்ணின் அப்பா, வேலை உறுதியாகட்டும் என்று காத்திருந்தார்.

கம்பெனி அவன் தலையில் கட்டியது ஒரு புது கேப்சூல். உள்ளே உயிரோடு கிருமி! பதறாதீர்கள், நல்ல கிருமியாம். தயிரில் இருப்பதற்குப் பங்காளி. ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வயிறு கலங்கியவர்களுக்கு என்று சொல்லி விற்க வேண்டும். டாக்டர்கள் சிரித்த முகத்தோடு சாம்பிளை வாங்கினார்கள்; டிராயரில் போட்டார்கள்; மறந்தார்கள். பாண்டி இளைத்தான்.

அப்போதுதான் என் மனைவியின் சித்தப்பா — மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர் — பாண்டிக்குத் தெரியாமல் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார்.

"டாக்டரு எழுதலேன்னா என்ன? நம்ம சனம் எம்புட்டுப் பேரு இருக்கோம்! ஆளுக்கு ஒரு கடையில கேட்டு வாங்குவோம். பயகிட்ட மூச்சு விட்றாதீக. ரோசக்காரன்."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம எதுக்கு மாமா மருந்து?" என்றேன்.

"மாப்ளைக்குப் பய கல்யாணம் முக்கியமா, வயிறு முக்கியமா?"

என் வயிறு எங்கள் வீட்டில் என்றைக்குமே முக்கியமாக இருந்ததில்லை. கிளம்பினேன்.

"யாருக்கு சார்? என்ன செய்யுது?" என்றார் மெடிக்கல் ஷாப்காரர்.

"எனக்குத்தான். ஒண்ணும் செய்யலை."

ஏற இறங்கப் பார்த்தார். வயிற்றில் கோளாறில்லை, தலையில்தான் என்று முடிவு கட்டியிருப்பார்.

சாப்பிட்டோம். குடும்பமே சாப்பிட்டது. ஆளாளுக்குப் பலனும் தெரிந்தது! என் மனைவிக்கு நன்றாகப் பசித்தது. அது எனக்கு நல்ல செய்தியில்லை. சித்தப்பாவுக்கு வாயு கூடியது. அது கடைச் சிப்பந்திகளுக்கு நல்ல செய்தியில்லை. எனக்கு? காலையும் இரவும் வயிற்றுக்குள் ஏதாவது மங்கள காரியம் நடக்கிறதா என்று கவனித்தேன். நிசப்தம்.

தெரு முனை டாக்டரிடம் போய் நின்றேன். "நல்லா இருக்கிற வயித்துக்கு இது எதுக்குங்க? உள்ள ஏற்கெனவே கூட்டம் ஜாஸ்தி. இது விருந்தாளி மாதிரி... வரும், போயிரும்" என்றார்.

"கெடுதல் உண்டா?"

"சில பேருக்கு லேசா வயிறு உப்பும். உங்கள மாதிரி ஆளுக்குப் பெருசாக் கெடுதலும் இல்ல, பிரயோஜனமும் இல்ல."

நான் வேலை பார்க்கும் ஆபீஸில் என்னைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஆனால் பாண்டி பூரித்துப் போனான். "மச்சான், எம் மருந்து மதுரையில ஓடுது மச்சான்! நான் பேசுற பேச்சு எடுபடுது!" என்றான். கடைகளில் பெட்டி பெட்டியாக ஆர்டர். ஓடி ஓடி எடுத்தான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எதையும் சொல்ல மனசு வரவில்லை.

மெட்ராஸிலிருந்து மேனேஜர் வந்தார். முதுகில் தட்டினார். "மதுரையிலே இவ்வளவு போகுமா? அப்ப டார்கெட் இரண்டு மடங்கு. செஞ்சு காட்டு, வேலை நிரந்தரம்னு ஆர்டரை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

இரண்டு மடங்கு! எங்களிடம் இருப்பது ஆளுக்கு ஒரு வயிறுதானே? ஒருவர் நிறுத்தினார். இன்னொருவர் மறந்தார். நானும்தான். கடைகளில் சரக்கு தேங்கியது. உயிருள்ள சரக்கு... தேதி தாண்டினால் உள்ளேயே சாகும். பெட்டிகள் திரும்பி வந்தன. கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது.

இதற்கு நடுவே உசிலம்பட்டிக்காரர், "வேற எடம் பாத்துக்கிறோம், தப்பா நெனைக்காதீக" என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

இதுவரை கூட அவன் தாங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு எதிரே அவன் உட்கார்ந்திருந்தபோது, ஆறுதல் சொல்ல சித்தப்பா வந்து சேர்ந்தார்.

"விடுறா... நாங்களும் அம்புட்டுப் பேரும் கடை கடையா வாங்கித் தின்னுதான் பாத்தோம். ஒன் நேரம் சரியில்ல."

பாண்டி நிமிர்ந்தான். சித்தப்பாவைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சட்னியைப் பார்த்தேன்.

"அப்ப... வாங்குனது பூரா நம்ம ஆளுகதானா மச்சான்?"

அதுவரை வேலைதான் போயிருந்தது. அந்த நிமிஷம், தனக்கு விற்கத் தெரியும் என்று அவன் நம்பியிருந்ததும் போனது.

அவன் திட்டியிருக்கலாம். தட்டை வீசியிருக்கலாம். செய்யவில்லை. தொடாத தட்டைச் சித்தப்பா பக்கம் நகர்த்தி, "நீங்க சாப்ட்டீகளா சித்தப்பா?" என்று கேட்டான்.

கெடுதல் செய்த சொந்தக்காரனோடு பேச்சையாவது நிறுத்தலாம். நல்லது செய்து கெடுத்தவர்களை என்ன செய்வது?