தாய் மாவு

இது கதை அல்ல. எனக்கே நடந்தது.

மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் எங்கள் கடை ரொட்டியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் மட்டும் ஒரு துண்டுகூட வாயில் வைப்பதில்லை. "சொந்தக் கடைச் சரக்கையே நம்ப மாட்டீங்களா, மேடம்?" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது காரணத்தைச் சொல்கிறேன்.

கடையின் பெயர் நாபோலி, இத்தாலியில் ஒரு துறைமுக ஊரின் பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கப்பல்காரர் கடை என்றால்தான் தெரியும். என் கணவர் ஹேமநாத்தின் தாத்தா ரங்கன், கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இத்தாலிச் சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனவர், திரும்பும்போது ஒரு கைப்பிடி புளித்த மாவை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அதை வைத்துத்தான் 1964இல் கடை போட்டார். தக்காளி மக்ரோனி, இறால், ரொட்டி. விமானப்படைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று சாப்பிட்டார்களாம்.

அந்த மாவு இன்னும் உயிரோடு இருக்கிறது. தாய் மாவு என்போம். தினமும் பாதியை ரொட்டிக்கு எடுத்துவிட்டு, மீதியோடு மைதாவும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து வைப்போம். முடிவில் வீட்டு ஆள் ஒருவர் வலது உள்ளங்கையை மாவின் மேல் பதிக்க வேண்டும். காலையில் மாவு பொங்கி அந்தத் தடம் மறைந்திருந்தால் மாவு பிழைத்திருக்கிறது. தடம் அப்படியே இருந்தால் செத்துவிட்டது.

இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் ரங்கன் தாத்தாவின் மனைவி முத்தாலம்மாள். நான் அவரைப் பார்த்ததில்லை. கல்லாவுக்கு மேல் மாலை போட்ட படம் மட்டும் இருக்கிறது. அதில் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்பார்.

2005 டிசம்பர். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். என் மாமனார் லோகநாதன் நெஞ்சுவலியோடு குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். ஹேமநாத் அவரோடு. வெளியே விடாத மழை. கடையில் நானும் சமையல்காரர் ஞானையாவும்தான்.

"அம்மா, எங்க வூட்டாண்ட தண்ணி ஏறிகினு கீதாம். நான் கெளம்பறேன். மாவுக்கு மட்டும் தீனி போட்டுடுங்க. கைக்கொழந்த மாரி அது, பசி தாங்காது."

"குழந்தையா? நாப்பது வயசுன்னு சொன்னாங்களே!"

"வயசானா இன்னா? இன்னும் பல்லு மொளைக்கலியே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். உடனே ஹேமநாத்தின் போன்.

"துர்கா, அப்பா கண்ணு முழிச்சதும் மாவைத்தான் கேட்டார். அது போச்சுன்னா கடையை மூடிடலாம்கறார்."

"போகாது. நான் இருக்கேன்ல?"

"இன்னைக்கு நீதான் கை வைக்கணும். மறந்துடாதே."

முதல் முறையாக என் கை. பெருமையாகத்தான் இருந்தது. மாவைப் பிசைந்தேன். உள்ளங்கையைப் பதித்தேன். ஈரத்துணியால் மூடினேன்.

மாலை 6.10. மின்சாரம் போனது.

காலில் ஏதோ ஜில்லென்று பட்டது. பின்பக்கச் சாக்கடை வழியாகத் தண்ணீர் சமையலறைக்குள் வந்துகொண்டிருந்தது. மாவுப் பாத்திரம் மூலையில், தரையை ஒட்டிய கல்லின் மேல் இருந்தது. அகலமான பீங்கான் பாத்திரம். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் அசையும். தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. இன்னும் நான்கு விரல் உயரம் ஏறினால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

மெழுகுவத்தி எடுக்க முன்பக்கம் ஓடினேன். கல்லா மேஜையைத் துழாவிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

தப்... தப்...

யாரோ மாவு அடிக்கும் சத்தம்.

"ஞானையா அண்ணா?"

சத்தம் நின்றது.

மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கல்லின் மேல் பாத்திரம் இல்லை.

மேடை மேல் இருந்தது.

என்னால் அசைக்கக்கூட முடியாத பாத்திரம்... இடுப்பு உயர மேடையின் மேல். நான் விரித்திருந்த துணி நான்காக மடித்து, பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. ஈர மாவு வாசனையோடு லேசாகக் கருவாட்டு வாடை.

வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோனேன். மாவில் என் கைத்தடம். அதன் பக்கத்தில் இன்னொரு கை. என் கையைவிடச் சின்னது. கட்டைவிரல் இருந்தது. அடுத்த இடம் காலி. பிறகு மூன்று விரல்கள்.

ஆள்காட்டி விரல் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

மாவு தானாக அமுங்கியது.

முதலில் உள்ளங்கை. பிறகு கட்டைவிரல். பிறகு... அந்த மூன்று விரல்கள்.

அமுங்கிய இடம் நகர்ந்தது. மெதுவாக. மாவைக் கிளறிக்கொண்டு. அடியில் எதையோ தேடுவதுபோல.

தப்... தப்...

என் காதருகில் ஒரு பெண் குரல். சலிப்பான குரல்.

"இங்கயும் இல்ல..."

மெழுகுவத்தி தண்ணீரில் விழுந்தது.

இருட்டு.

தப்...

ஓடினேன். ஷட்டரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். முழங்கால் தண்ணீரில் நடந்து ஹேமநாத் வந்து சேரும்வரை அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. அவர் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்த்தார். பாத்திரம் மேடையில், துணி மூடியபடி இருந்தது. மாவின் மேல் என் கைத்தடம் மட்டும்.

"நீயாடி இதைத் தூக்கினே?" என்றார்.

காலையில் மாவு பொங்கியிருந்தது. கடை பிழைத்தது.

மாமா குணமாகிக் கடைக்கு வந்த அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் பயந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எந்த விரல் இல்லைன்னே?"

"ஆள்காட்டி விரல், மாமா."

கல்லாவுக்கு மேல் இருந்த தன் அம்மா முத்தாலம்மாளின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுபத்தொண்ணுல மாவு பிசையற மெஷின் வாங்கினோம். முதல் வாரமே அம்மா விரல் அதுல போயிடுச்சு. அப்பா மாவை அளைஞ்சு அளைஞ்சு தேடினார். கிடைக்கவே இல்லை."

"அப்போ... அந்த மாவு?"

"கொட்டிடலாம்னார் அப்பா. அம்மாதான் விடலை. ரத்தம் சொட்டச் சொட்ட ரிக்‌ஷாவுல ஏறும்போதும் கொட்டாதீங்கன்னு கத்திக்கிட்டே போனாங்க. தாய் மாவு மொத்தமும் அன்னைக்கு மெஷினுக்குள்ளதாம்மா இருந்துது. கொட்டியிருந்தா இந்தக் கடையே இல்லை."

சமையலறைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"மறுநாள் காலையில போய்ப் பார்த்தோம். மாவு நல்லாப் பொங்கியிருந்துது."