யக்ஞநாராயணன் தூக்கிப்போட்ட ஞாபகம்

அஸ்தினாபுரத்துப் பியூலாவுக்கு ஆபீசில் வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்று பெயர். தாம்பரத்தில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. அடுக்குமாடிகளின் தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து ஓயாமல் வரும் அளவுகளை வாங்கி, எங்காவது குழாய் உடைந்தால் எச்சரிக்கும் புரோகிராம் அவள் பொறுப்பு. எந்தத் தொட்டி வழக்கமாக எவ்வளவு வேகத்தில் காலியாகும் என்று அது பழகித் தெரிந்து வைத்திருந்தது. அந்த ஞாபகத்தை, புரோகிராமைத் தாங்கி ஓட்டும் ஃப்ரேம்வொர்க் அவ்வப்போது சேமிக்கும்; நிறுத்தி மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அங்கே மேலாளராக வந்து சேர்ந்தார் யக்ஞநாராயணன். மீட்டிங்கில் 'எவல்யூஷன்' என்று அவர் உச்சரிக்கும் அழகுக்கே சம்பளம் தருகிறார்கள் என்பது பியூலாவின் கணிப்பு. புது வாடிக்கையாளர் ஒருவர் தொட்டிக்கு '4ஏ' என்று பெயர் வைத்திருந்தார். அதுவரை வெறும் எண்ணாக இருந்த தொட்டி அடையாளத்தை எழுத்தாக மாற்றச் சொன்னார் மேலாளர்.

"மாத்தலாம் சார். ஆனா சேவ் ஆனதெல்லாம் பழைய அமைப்புல இருக்கு, புது புரோகிராம் கோடு அதைப் படிக்காது. பழசைப் படிச்சு புதுசா எழுத தனியா ஒரு புரோகிராம் வேணும்."

"தொட்டி பேருன்னு ஒரே ஒரு ஃபீல்டுக்கா? அதெல்லாம் ஃப்ரேம்வொர்க்கே பாத்துக்கும்மா. படிச்சிருக்கேன்."

"புதுசா ஃபீல்டு சேத்தா பாத்துக்கும் சார். இருக்கறதோட வகையை மாத்தினா பாத்துக்காது."

படித்திருக்கிறார், பாதிப் பக்கம், என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் பிடிவாதத்தில் மாற்றத்தை வெளியிட்டார்கள். புரோகிராம் எழவே மறுத்தது.

"சேவ் ஆன பழைய ஸ்டேட்டைத் தூக்கிப்போடு. காலியா ஸ்டார்ட் பண்ணு."

அவர் மேல் அவளுக்கு இருந்த மதிப்பின் அளவுக்கு, பழையதை ஒரு நகல் எடுத்துவிட்டே அழித்தாள். வழக்கம் என்றால் என்னவென்றே தெரியாமல் எழுந்த புரோகிராம், ஊர் குளிப்பதையெல்லாம் குழாய் உடைப்பு என்று எடுத்துக்கொண்டது. வண்டலூர் வரைக்கும் எச்சரிக்கை பறந்தது.

அவள் குடியிருப்பின் செயலாளர் அரிகிருஷ்ணனே போன் செய்தார்.

"இன்னாம்மா, பைப்பு எங்க ஒடஞ்சிகீது? வால்வ மூடிட்டேன், மாடில எல்லாம் சோப்போட நின்னுகினு கத்தறாங்க!"

"ஒண்ணும் உடையல சார், திறந்து விடுங்க."

யக்ஞநாராயணன் மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பியூலா நகலை எடுத்து, பழைய எண்களை எழுத்தாக்கிப் புது அமைப்பில் எழுதிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தொட்டிகளும் புரோகிராமுக்கு ஞாபகம் வந்தன. 'என் வழிகாட்டுதலில் சவாலான மாற்றம் வெற்றி' என்று மேலிடத்துக்கு மேலாளரின் மெயில் போயிற்று. அவள் பெயர் அதில் இல்லை. இருந்த எழுத்துப்பிழைகள் அவளுக்குச் சிரிப்பைத் தந்தன.

அடுத்த மாதம், வெளியிடும் முன் தானாக ஓடும் ஒரு சோதனையைச் சேர்த்தாள்: பழைய சேமிப்பைப் புது கோடு படிக்காவிட்டால் வெளியீடே நின்றுவிடும். அது முதலில் நிறுத்தியது யக்ஞநாராயணன் கைப்பட எழுதிய மாற்றத்தை.

"உன் டெஸ்ட் ரிப்பேர் போலிருக்கேம்மா?"

"இல்ல சார், நல்லா வேலை செய்யுது" என்றாள் பியூலா.