கள்ளப்பருந்து என்று நான் சொன்னது

எங்கள் அப்பாவுக்குக் கருடனைப் பார்க்காமல் எந்தக் காரியமும் ஓடாது. வண்டி வாங்கப் போனாலும் சரி, பல் பிடுங்கப் போனாலும் சரி, முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். செம்மண் நிற உடம்பும் வெள்ளைத் தலையுமாக ஒரு கருடன் வட்டமடித்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்புவார். இல்லையென்றால் பல்வலி இன்னும் ஒரு நாள் இருக்கும். தினமும் ராசிபுரத்துக்குப் போய்வந்து வேலை பார்த்தபோது ஒரே ஒரு முறை ஏதோ அவசரத்தில் மேலே பார்க்காமல் ஆபீஸில் ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டாராம். அதனால்தான் தன்னைக் கொல்லிமலைக்குத் தூக்கியடித்தார்கள் என்று உறுதியாக நம்பினார். மேலதிகாரிக்கும் கருடனுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அதுவரை நாங்கள் நாமக்கல்லில் பெரியப்பா வீட்டில் கூட்டாக இருந்தோம். மலைக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. வாழவந்தி நாடு என்கிற மலைக்கிராமத்தில், ஒரு மேட்டில் வாடகை வீடு கிடைத்தது. கூடத்து ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் பலா மரமும் அதற்கப்பால் மரவள்ளிக் காடும். அம்மாவுக்கு அட்டை என்றால் உயிரே போய்விடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை உள்ளே தள்ளித் தாழ் போட்டுவிடுவாள். ஆகவே மலை முழுவதையும் நான் இந்த இரண்டு ஜன்னல்கள் வழியாகத்தான் பார்த்தேன்.

பறவைகளைத் தெரிந்துகொள்ள என்னிடம் இருந்தது ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய ஒரு படச் சார்ட். அதில் நெருப்புக்கோழி இருந்தது, பென்குயின் இருந்தது, அன்னம் இருந்தது. எங்கள் ஜன்னலுக்கு வருகிறவற்றில் ஒன்றுகூட இல்லை. நெருப்புக்கோழி வந்திருந்தால் சட்டென்று கண்டுபிடித்திருப்பேன். வேறு வழியில்லாமல் நானே ஒரு நோட்டுப் போட்டு வால்களாக வரைந்து வைத்தேன். வால் நுனி நடுவில் கத்தரித்ததுபோல உள்வாங்கி இருந்தால் அது கள்ளப்பருந்து. சிறகுக்கு அடியில் வெள்ளைப் பட்டை ஓடினால் பாம்புக்கழுகு. வல்லூறுக்கு வானத்தைப் பார்க்கவே வேண்டாம். கொண்டைக்குருவிகள் போடுகிற கூச்சலிலேயே தெரிந்துவிடும். பலா மரத்து மலை அணில் வாலைத் தொங்கவிட்டபடி மூச்சுக்கூட விடாமல் கிளையோடு ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்து வீட்டு அத்தை கோழி வளர்த்தார். உறவில் அத்தை இல்லை, நான் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டேன். வல்லூறு வந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அவர் புலம்பியதைக் கேட்டு, ஜன்னலில் ஒரு தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு நான் காவலுக்கு உட்கார்ந்தேன். முதல் வாரமே ஒரு பாம்புக்கழுகைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தட்டோ தட்டென்று தட்டினேன். அத்தை களி கிண்டுகிற துடுப்போடு ஓடி வந்து, மேலே பார்த்துவிட்டு, "அட என்ற சாமி, அது பாம்பு திங்கறதாச்சே! என்ற களி அடிப்புடிச்சுப் போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் நான் தப்பாகத் தட்டியதே இல்லை. "எங்க அம்மிணி சொன்னாச் சொன்னதுதான்" என்று அத்தை பஸ் ஸ்டாப்பில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார். ஒன்பது வயதில் எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் மலை பிடிக்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். துணி காயவில்லை என்பாள். உப்பு கசிந்துவிட்டது என்பாள். ஒரு நல்ல கத்தரிக்காய் உண்டா என்பாள். கரண்டியை டங்கென்று வைத்து, "இந்த மலைல மனுசன் இருப்பானா?" என்று வீடே அதிரும்படி கேட்பாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வார். அவருக்கும் பெரியப்பாவை விட்டு இருக்க முடியவில்லை. சாயங்காலமானால் அண்ணனும் தம்பியுமாக ஒரே டீக்கடையில் நின்று பழகியவர், இங்கே வாசலில் தனியாக நின்று டீ குடித்தார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

பெரியம்மாவும் நல்லவர்தான், எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. என்ன சமைப்பது, எவ்வளவு எண்ணெய் ஊற்றுவது, யாருக்கு எத்தனை தோசை என்பதெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். அம்மா வெங்காயம் உரிப்பாள், தேங்காய் துருவுவாள், கேட்டதை எடுத்துக் கொடுப்பாள். அங்கே அம்மாவுக்கு வேலை குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கிருந்த வருத்தம் வேறு. அந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் ஒரே ஒரு பல்லி.

அந்த மே மாதம் மாறுதலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஆபீஸில் தாள் வந்தது. அப்பா நாமக்கல் என்று எழுதி, கவரில் போட்டு, மஞ்சள் தடவி சாமி படத்தடியில் வைத்தார். கீழே நாமக்கல் பெரிய ஆபீஸில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவருக்குத் திருப்தி. ஆனால் கருடன் வரவேண்டுமே! தூரத்தில் பறப்பதெல்லாம் அவருக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீதான் பாத்துச் சொல்லோணும்" என்றார். நானும் தலையாட்டினேன். நாலு நாள் வல்லூறு வந்தது, பாம்புக்கழுகு வந்தது, கருடன் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால், மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஆபீஸ் பூட்டுவதற்குள் போய்ச்சேர முடியாது. அப்பா விடியற்காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்து ஜன்னலில் நின்றார். ஒன்பது மணி பஸ் போயிற்று. பத்தரை மணி பஸ்ஸும் போயிற்று. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று எழும்பி வந்தது. சிறகை அசைக்காமல் அரை வட்டம் அடித்துத் திரும்பியதும் வெயில் அதன் மேல் விழுந்தது. செம்மண் உடம்பு. பால்போல் வெள்ளைத் தலை. வால் நுனி கத்தரித்தது போல் இல்லை, வளைந்து வட்டமாக இருந்தது.

"கண்ணு, என்ன அது? கருடன்தான?" அப்பாவின் கை கவர்மேல் இருந்தது.

"இல்லீங்கப்பா. கள்ளப்பருந்து" என்றேன். பறவையைப் பற்றி நான் சொன்ன முதல் பொய்.

அப்பா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். பின்னால் டீ டம்ளரோடு அம்மா நின்றிருந்தாள். அம்மா பிறந்தது காவிரிக் கரையில். அங்கே காக்கைக்குச் சமமாகக் கருடனும் பறக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்பா திரும்பி, "ஏம்புள்ள, உனக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

அம்மா டீயில் விழாத ஈயை எடுத்துப் போடுவதுபோல டம்ளரையே பார்த்தாள். "புள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுங்க? அவதான தெனமும் பாக்கறவ."

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார், மறுபடி வானத்தைப் பார்த்தார். பஸ் வந்து நின்று, கிளம்பி, அதன் சத்தம் தேய்ந்து இல்லாமலே போய்விட்டது. "சரி, கொடுப்பினை இல்ல" என்று சொல்லிச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுக்களைக்கு ஓடினேன். அப்பாவை ஏமாற்றியது ஒரு பக்கம். விடிந்தால் அடைந்தால் மலையைத் திட்டிக்கொண்டிருக்கிற அம்மாவையும் இங்கேயே கட்டிப்போட்டுவிட்டோமே என்பது இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி அழுதுவிடுவது என்றுதான் போனேன்.

அம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி ஜன்னலருகே நின்றிருந்தாள். அந்தப் பறவை வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து பலா மரத்துக்கு மேலே மிகத் தாழ்வாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் கண் தெரியாதவர்கள்கூடக் கருடன் என்று சொல்லிவிடுவார்கள். அம்மா இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டு, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

தண்ணீர் குடிக்க அப்பா வருகிற காலடிச் சத்தம் கேட்டது. அம்மா சட்டென்று ஜன்னலின் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"தாளிக்கற நேரத்துல எதுக்குச் சாத்தற?" என்றார் அப்பா, இருமிக்கொண்டே.

"குரங்கு வருதுங்க" என்றாள் அம்மா.

மரத்தில் ஒரு குரங்கும் இல்லை. அன்றைக்கு அம்மாமேல் எனக்கு வந்த அன்பைச் சொல்லி முடியாது. நான் பிடிபட்டுவிடக் கூடாது என்று எனக்காகப் பொய் சொல்கிறாளே, தன் ஊர் ஆசையையே எனக்காக விட்டுவிட்டாளே என்று உருகிப் போனேன். சாயங்காலம் அவள் கேட்காமலே துணி மடித்தேன், பாத்திரம் கழுவினேன். "என்னடி, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ராத்திரிக்குப் பணியாரம் சுட்டாள், குழிக்குழியாக எண்ணெய் ததும்ப.

அதற்கப்புறம் நாலு வருடம் மலையிலேயே இருந்தோம். அந்த நாலு வருடமும் அம்மா தினம் ஒரு குறை சொன்னாள். பலாப்பழ ஈ, நமத்த தீப்பெட்டி, வராத பால், வந்த மழை. ஒவ்வொரு குறைக்கும் நான் உள்ளுக்குள் குன்றிப்போவேன். என்னால்தானே என்று அவளைப் போய்க் கட்டிக்கொள்வேன். எதற்கு இந்தப் பெண் இப்படி ஒட்டுகிறது என்று அவளுக்குப் புரியாது.

கல்யாணமாகி நானும் ஒரு கூட்டுக் குடும்பத்து அடுக்களையில் கொஞ்ச காலம் வெங்காயம் உரித்த பிறகுதான், ஒரு மத்தியான நேரத்தில், உரித்துக்கொண்டிருந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா வீட்டில் இருந்த அந்த ஏழு வருடத்தில், அம்மா சத்தமாக ஒரு குறை சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.