டன்லப் தெருவில் காதர் மைதீன் ரத்தம் எடுத்த கதை

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மருந்து மாத்திரை கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. அதனால் டன்லப் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த காதர் மைதீன், கடையின் பின்கட்டில் பெக்காம் வைக்கத் தொடங்கினார். முதுகில் லேசாகக் கீறி, சூடுகாட்டிய கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து, கெட்ட ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் வைத்தியம் அது.

அவருக்கு ஒரே ஒரு சங்கடம். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வந்துவிடும்.

ஆகவே கோப்பையை வைத்ததும் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். மனைவி நஃபீசாதான் கோப்பையைக் கவனிப்பாள். மரவள்ளிக்கிழங்கே கதி என்று கிடப்பவருக்கு ரத்தம் கசிந்தாற்போலத்தான் வரும். வெயிலில் அலைந்து வந்தவருக்கு ஓடும். குடித்துவிட்டு வந்தவருக்கு நிற்கவே நிற்காது. எல்லாம் அவளுக்குப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். "போதும், எடுங்க" என்பாள். இவர் துழாவி எடுப்பார். வந்தவர்களோ, மனுஷன் சுவரைப் பார்த்து ஓதுகிறார் என்று நினைத்துப் பயபக்தியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் செம்பவாங் கப்பல் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி தியாகராசா அவ்வளவு தூரமும் சைக்கிள் மிதித்து வந்தார்.

"கழுத்துத் திருப்பேலாமக் கிடக்கு. கெதியா வையுங்கோ."

"வேர்த்துக் கொட்டுதே கிராணியாரே, கொஞ்சம் ஆறிக்கிட்டு வைப்போம் லா."

"நேரமில்லை, வையுங்கோ!"

வைத்தார். நஃபீசா அலறினாள்: "ரொம்பிருச்சுங்க, எடுங்க!"

பதறிப்போன காதர் மைதீன் சுவரைப் பார்த்தபடியே கையை நீட்டிப் பிடித்து இழுத்தார்.

"ஐயோ, அது என்ர காது, காதர்!"

கடைசியில் நஃபீசாவே கோப்பையை எடுத்துவிட்டு, ஒரு வெள்ளைத் துணியை மடிக்காமல் வைத்து அழுத்தினாள். ரத்தம் நின்றது. துணியின் நடுவில் வட்டமாகச் சிவப்புக் கறை. துவைக்கச் சோப்பு ஏது? காலையில் சாம்பல் போட்டுத் தேய்க்கலாம் என்று மாடி ஜன்னல் கொடியில் போட்டாள், மறந்தும் போனாள்.

மறுநாள் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாள். எல்லாக் கடையிலும் ஜப்பான் கொடி பறக்க வேண்டும் என்று உத்தரவு. காதர் மைதீனிடம் இருந்த காகிதக் கொடி மழையில் கூழாகியிருந்தது. என்ன செய்வது என்று அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கையில், ஒரு ஜப்பான் சார்ஜென்ட் வாசலில் நின்று மாடியை நோக்கி விறைப்பாகச் சல்யூட் அடித்தான்.

"நஃபீசா... மேல என்ன காயப்போட்டே?"

"யா அல்லாஹ்! கிராணியாரு துணி!"

சார்ஜென்ட் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். சாராய நெடி குப்பென்று அடித்தது. அலமாரியில் இருந்த கோப்பைகளைக் கண்டதும் அவனுக்கு இன்னும் குஷி. சட்டையைக் கழற்றி, முடிவெட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்து தோளைத் தட்டிக் காட்டினான்.

திரைக்குப் பின்னாலிருந்து நஃபீசா முணுமுணுத்தாள்: "குடிச்சிருக்கான். பட்டும் படாமலும் கீறுங்க, உடனே எடுத்துருங்க."

பயத்தில் அவர் கீறிய கீறலில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. சார்ஜென்ட் முறைத்தான். மறுபடி கீறிக் கோப்பையை வைத்து, வழக்கம்போலச் சுவர் பக்கம் திரும்பினார். முடிதிருத்தும் கடையில் எந்தச் சுவரில்தான் கண்ணாடி இல்லை? எதிரே முழு முதுகும், கோப்பையில் மளமளவென்று ஏறும் ரத்தமும் தெரிந்தன.

காதர் மைதீன் வேரறுந்த வாழையாகச் சார்ஜென்ட் மடியில் சாய்ந்தார்.

நஃபீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடிவந்து, கோப்பையைப் பிடுங்கித் துணியை அழுத்தினாள். "தலை போச்சு" என்றே நினைத்தாள். சார்ஜென்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வைத்தியரை நாற்காலியில் கிடத்தி, முடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் முகத்தில் பீச்சி எழுப்பினான்.

அடுத்த வாரம் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். வைத்தியத்துக்கு அல்ல, இவர் மயங்கி விழுவதைப் பார்க்க. ஒருவன் முதுகில் கோப்பை ஏறியது. இவரும் ஏமாற்றாமல் விழுந்தார். மூவரும் கைதட்டினார்கள்.

அன்றோடு ஆண்களுக்குக் கோப்பை இல்லை, எண்ணெய் தேய்த்து நீவுவது மட்டும்தான் என்று அறிவித்துவிட்டார். பெண்களுக்கு நஃபீசாவே பின்கட்டில் பெக்காம் வைத்தாள். அங்கேதான் கூட்டம் நெரிந்தது.