காத்துக்கு எதுத்துப் பறந்த கொடி

பேய் பிசாசு, குறி, சாமியாட்டம் எதையும் நான் நம்புனவன் இல்ல தம்பி. சுடுகாட்ட ஒட்டுன பாதையிலதான் காலம்பூரா கடையடைச்சுட்டு வீட்டுக்குப் போனேன், ஒருநா கூட திரும்பிப் பாத்ததில்ல. நீங்க சிரிச்சாலும் எனக்குக் கோவமில்ல, கண்ணால பாத்ததத்தான் சொல்றேன்.

போடியில நான் டெய்லரு. எம்பொண்டாட்டி பேச்சிக்கு கொஞ்ச வருசமா மறதிச் சீக்கு. சாவிய வச்ச எடம் மறக்குற மறதி இல்ல, என்னையவே மறந்துட்டா. டெய்லரய்யா ஒங்களுக்கு எந்த ஊருன்னு தெனமும் கேப்பா, பண்ணைப்புரம்னு சொல்லுவேன், அட எங்க வீட்டுக்காரருக்கும் அந்த ஊருதான்னு சொல்லுவா. சிரிக்கிறதா அழுகுறதா. ஆனா ஊசிய கையில குடுத்தாப் போதும், தையல் மட்டும் அவளுக்கு மறக்கல.

அப்பத்தான் மதுரையில இருந்து மியூசியத்துக்காரரு ஒருத்தர் வந்தாரு. அந்தக்காலப் பாளையத்துக் கொடி ஒண்ணு, செவப்புல வெள்ளக்குதிரை போட்டது, அவுக பெட்டியில கெடக்காம், தொட்டா உதிருதாம். அதே மாதிரி ஒண்ணு கண்ணாடிக்குள்ள வைக்க வேணும், அதுக்கு முந்தி கம்பம் ஊருல காலேஜ் பிள்ளைக பழைய படை மாதிரி வேசங்கட்டி ஊர்வலம் போறாக, அதுலயும் பிடிக்கணும்னாரு. அந்தக்காலத்துல ஏது மிசினு, அதனால ஓரம் பூராம் கைத்தையலா இருக்கணுமாம். நூலையும் அவரே சாயம் முக்கி ஒரு கண்டு குடுத்தாரு, பழைய செங்கல்லு நெறம், எந்தக் கடையிலயும் கெடைக்காது. நான் வெட்டுனேன், பேச்சி தைச்சா. ஊர்வலத்துக்கு வேணுங்குற மத்த கொடிகள நான் மிசின்ல அடிச்சேன். மிச்ச நூல டிராயர்ல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்பு அண்ணாக்கயித்துல முடிஞ்சுக்கிட்டேன். இல்லாட்டி தலகாணியையும் கொடியோட சேத்துத் தைச்சுருவா.

ஆடி மாசம் கம்பத்துக் காத்தச் சொல்லவா வேணும், மேக்க மலையில இருந்து வந்து ஆளையே தள்ளும். பேச்சிய வீட்டுல விட்டுட்டுப் போக ஆளில்ல, கூடக் கூட்டிக்கிட்டுப் போயி மைதானத்துல சேர் போட்டு உக்கார வச்சேன். கொடியில கயிறு அவுந்துருச்சுன்னு ஒருத்தன் கூப்புட்டான், போயி முடிஞ்சுட்டுத் திரும்புறேன், சேர்ல ஆளக் காணோம்.

கூட்டத்துக்குள்ள தேடுறேன், மைக்குல சொல்லச் சொல்றேன். மைக்குல பேரச் சொன்னா மட்டும், அவளுக்கு அவ பேரே தெரியாதே. பக்கத்துல முல்லையாத்து வாய்க்கா, தண்ணி கரையத் தொட்டுக்கிட்டு ஓடுது.

அப்பத்தான் பாத்தேன். எல்லாக் கொடியும் கெழக்க பாத்து படபடன்னு அடிக்குது. குதிரைக்கொடி மட்டும் மேக்க பாத்து நிக்குது தம்பி. நம்புனா நம்புங்க, படபடக்கக்கூட இல்ல, யாரோ மூலையப் பிடிச்சு இழுக்குற மாதிரி வெறைப்பா நிக்குது. கொடிக்கம்ப வச்சிருந்த பய ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "ஐயா, இது என்னைய இழுக்குதுய்யா"ங்குறான். செல்லுல யாரும் எடுக்கலையான்னு கேப்பீக, எல்லாரும் ஊர்வலத்துல வந்த நெசக் குதிரைய எடுத்துக்கிட்டு இருந்தாக.

நான் ஒண்ணும் யோசிக்கல, கொடி காட்டுன பக்கமே ஓடுனேன். தென்னந்தோப்பத் தாண்டுனா வாய்க்கா. கடைசிப் படியில உக்காந்துருக்கா, முழங்கால் வரைக்கும் தண்ணி. ஒரு நூல இழுத்து இழுத்து மடியில சேத்துக்கிட்டிருக்கா. தோளப் பிடிச்சேன், அண்ணாந்து பாத்தா.

"ஏங்க, எம்புட்டு நேரமா இழுக்குறேன், இப்பத்தான் வாரீக."

ஏங்கன்னு கூப்புட்டா தம்பி. டெய்லரய்யான்னு சொல்லல.

அவளக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்தப்ப குதிரைக்கொடியும் மத்ததுக கூடவே கெழக்க பாத்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு. யாரக் கும்புடறதுன்னு தெரியல, அதப் பாத்தே கும்புட்டேன்.

அந்த நூலு அதே செங்கல்லு நெறம். வீட்டுக்கு வந்ததும் டிராயரத் தொறந்தேன், கண்டு வச்சபடியே இருக்கு. கொடி ஓரத்த மைதானத்துலயே பாத்துட்டேன், அதுலயும் ஒரு தையல் விட்டுப்போகல.

மறுநாளே நான் பழையபடி டெய்லரய்யா ஆயிட்டேன். பரவால்ல, எனக்கு அந்த ஒரு ஏங்க போதும். அந்த நூல அவகிட்டயே குடுத்துட்டேன். பொழுது சாஞ்சா கட்டில்ல உக்காந்து இழுத்து இழுத்து மடியில போட்டுக்கிட்டிருப்பா.

போன வாரம் அந்த நேரத்துல மியூசியத்துக்காரரு போன் போட்டாரு. கொடிக்குள்ள கம்பி எதுவும் வச்சுத் தைச்சீங்களா பெரியவரேன்னாரு. இல்லையே சார்ன்னேன். கண்ணாடிக்குள்ள காத்தே போகாது, ஆனா தெனமும் பூட்டுற நேரத்துக்கு ஒரு மூலை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது, காலையில வந்து பாத்தா எறங்கிருக்குன்னாரு. இந்தா, இப்பக்கூட நிக்குதுன்னாரு.

பேச்சி பக்கத்துல நூல இழுத்துக்கிட்டிருந்தா. எந்தப் பக்கம் தூக்குதுன்னு நான் கேக்கல.